சங்கிலி போட்ட வண்டி

சந்தை கலைந்த பிறகு ஒரு வண்டி மட்டும் தென்னை விளைக்குள் நின்றது. அது ராஜையனுக்கு ஆச்சரியம் இல்லை. சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியவனே அவன்தான். ஆனால் காளைகளை அவிழ்த்துக்கொண்டு போனால் எந்த வண்டியும் முன்பக்கம் சாய்ந்து, நுகத்தடியைத் தரையில் வைத்துவிடும். இந்த வண்டியின் நுகத்தடி தரையில் படவில்லை. அடியில் முட்டுக்கம்பும் இல்லை. காளைகள் இன்னும் கழுத்தைக் கொடுத்து நிற்கிற மாதிரி இடுப்பு உயரத்தில், அசையாமல், நேராக நின்றது.

வெயில் தென்னை ஓலைகளுக்குள் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது. சந்தை விட்டுப் போன வாடை, அழுகின பலாச்சுளையும் கருவாடும் புகையிலைக் காம்பும் மாட்டு மூத்திரமும் கலந்து மண்ணிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறும் வழக்கமான வாடை, அன்றைக்கு அந்த வண்டிக்குப் பத்தடி இந்தப்பக்கமே நின்றுபோயிற்று. வண்டியைச் சுற்றி எந்த வாடையும் இல்லை. வெள்ளம் ஊற்றிக் கழுவின சட்டிக்குள் முகத்தைக் கொடுத்த மாதிரி இருந்தது.

பின்பக்கம் பாரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். பாரம் பின்னால் இருந்தால் நுகம் தூக்கும். அரிசி மூட்டையாக இருக்கும். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கிழக்கேயிருந்து திருட்டு அரிசி கொண்டு வருகிறவர்கள் கூண்டு வண்டிக்கு இரண்டு பக்கமும் படுதா கட்டிவிடுவார்கள். படுதா போட்ட வண்டி என்றால் உள்ளே பெண்கள் என்று அர்த்தம். எந்த ஆண்பிள்ளையும் அதைத் தூக்கிப் பார்க்க மாட்டான். பார்த்தால் அடி விழும், ஏன் அடித்தாய் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இந்த வண்டிக்கும் கருநீலப் படுதா. வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தது.

அருமனைச் சந்தையை ஒட்டிய அந்தத் தென்னந்தோப்பு குமாரதாஸ் முதலாளியுடையது. சந்தைக்கு வருகிற வண்டிகள் உள்ளே புகுந்து மாட்டை அவிழ்க்கும். மாடு தென்னம்பிள்ளையைக் கடிக்கும். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு நாலு சங்கிலியும் நாலு பூட்டும் வாங்கினார். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு. திறக்கத்தான் சாவி வேண்டும். ஆரக்கால்களுக்குள் சங்கிலியைக் கோர்த்து, தென்னையின் அடிமூட்டோடு சுற்றிப் பூட்டுவது ராஜையன் வேலை. திறப்பது முதலாளி வேலை. சாவி அவருடைய அரைஞாணை விட்டு இறங்காது. வண்டிக்காரன் அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்று மாப்பு கேட்க வேண்டும்.

இந்த வேலைக்காக விளைக்குள்ளே குடிசை போட்டுக் குடியிருக்க விட்டிருந்தார். முன்பிருந்த காவல்காரன் ஒருநாள் இரக்கப்பட்டு ஒரு பூட்டை உடைத்துவிட்டான். மறுநாள் ஆள் வந்து கூரையைப் பிரித்தது. இடவப்பாதி மழை. அவனும் பெண்டாட்டியும் சட்டிபானையோடு ரோட்டில் நனைந்து நின்றதை ராஜையன் பார்த்திருக்கிறான். அவனுக்கும் செல்லக்கனிக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

மத்தியானம் அந்த வண்டிக்காரன் வந்து கெஞ்சினான். பெயர் சிலுவைமுத்து, இனயத்துக்காரன்.

“சேட்டா, மாட்டுக்கு வெள்ளம் காட்டத்தான் அவிழ்த்தேன். அதுக்குள்ள பூட்டிப் போட்டீரே.”

“போர்டு வச்சிருக்கது கண்ணுல படல்லியா?”

“எனக்கு வாசிக்கத் தெரியாது.”

“எனக்குந்தான் தெரியாது. என்ன எழுதியிருக்குண்ணு தெரியும்.”

“உள்ள ஆளிருக்கு சேட்டா.”

ராஜையன் சிரித்தான். “இண்ணைக்கு எது? பிள்ளத்தாச்சியா, காய்ச்சக்காரியா? போன சந்தைக்கு ஒருத்தன் செத்த மாமியாரக் கொண்டு போறேன்னான். ரெண்டு சாக்கு கருப்பட்டி!”

சிலுவைமுத்து சிரிக்கவில்லை. “சாமியாரும் பாத்தாச்சு, வைத்தியரும் பாத்தாச்சு. பேச்சிப்பாறைக்கு மேல, மலையில மந்திரம் அறிஞ்ச ஒரு காணிக்காரரு உண்டு. மூணாவது அந்திக்குள்ள அவருட்ட கொண்டு சேக்கணும். இங்க வச்சிருக்கப்பிடாது.”

“ஆரு அது?”

வண்டிக்காரன் பதில் சொல்லுமுன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. “எனக்க பெஞ்சாதின்னுதான் ஏத்தினேன்.”

கள் குடித்திருக்கிறான் என்று ராஜையன் முடிவு செய்தான். முதலாளி வீட்டுக்கு வழி காட்டினான். சிலுவைமுத்து காளைகளைப் பிடித்துக்கொண்டு போனான். அந்தி ஆன பிறகும் வரவில்லை. முதலாளி கோர்ட்டு வழக்குக்காகக் காலை பஸ்ஸில் திருவனந்தபுரம் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார் என்பது அதற்குப் பிறகுதான் ராஜையனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வியாழன்.

பத்தடி தள்ளி நின்று கூப்பிட்டான். “உள்ள ஆரும் உண்டா?”

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரம் நுகத்தடி ஒரு சாண் கீழே இறங்கி, மெதுவாகப் பழைய இடத்துக்கே ஏறி நின்றது. உள்ளே ஒரு ஆள் உருண்டு படுத்த மாதிரி. அரிசி மூட்டை உருளாது. ராஜையன் குடிசைக்குப் போய்ப் படலைச் சாத்திக்கொண்டான்.

“நிசமாட்டே பெண்ணடி இருந்தா?” என்றாள் செல்லக்கனி. அவள் அடுப்பு ஊதும்போதும் பேசுவாள், பாத்திரம் கழுவும்போதும் பேசுவாள். “ஒரு வாய் வெள்ளமில்லாம கெடக்கும். சங்கிலி போடத் தெரியும் ஒமக்கு, எட்டிப் பாக்கத் தெரியாது.”

“பாத்து நான் அடி வாங்கவா ஏட்டி?”

“நான் பெண்ணுதானே. எனக்கென்ன.”

விடிந்ததும் சொன்னபடி போனாள். கஞ்சித்தண்ணிச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் நின்று, கயிற்றை அவிழ்த்து, படுதாவை விலக்கித் தலையை உள்ளே கொடுத்தாள். ராஜையன் குடிசை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது. உள்ளே அவள் ஏதோ கேட்பது, வார்த்தை புரியாமல், துணிக்குள் பொதிந்த மாதிரி வந்தது. நுகத்தடி மேலே போகத் தொடங்கியது. மெதுவாக. இடுப்பு உயரம் தாண்டி, நெஞ்சு உயரம். உள்ளே இருந்த பாரம் பின்பக்கத்துக்கு, அவள் தலை இருந்த பக்கத்துக்கு, நகர்ந்து வந்துகொண்டிருந்தது. ஆள் உயரம் வந்ததும் நின்றது. செல்லக்கனியின் குரலும் நின்றது. அவளுடைய குதிகால்கள் மண்ணை விட்டுத் தூக்கின. கால்கள் இரண்டும் படுதாவுக்குள் போயின. உதறவில்லை. ஏறி உட்காருகிறவள் மாதிரிதான் போயின.

ராஜையன் எழுந்தான். “ஏட்டி!”

அவன் நாலு எட்டு வைப்பதற்குள் படுதா விலகி அவள் இறங்கினாள். சேலையைச் சரிசெய்தாள். கயிற்றைப் பழையபடி கட்டினாள். செம்பு காலியாக இருந்தது.

“ஆரு இருக்கா?”

“ஒரு பெண்ணடி,” என்றாள். “உறங்குது.”

அதற்கு மேல் சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டினாள், மரச்சீனிக் கிழங்கு அவித்தாள், சம்மந்தி அரைத்தாள். எல்லாம் சத்தமில்லாமல். அம்மிக்கல் உரசும் சத்தத்துக்கு மேலே எப்போதும் கேட்கிற அவளுடைய முணுமுணுப்பு இல்லாமல் அந்தச் சின்னக் குடிசை மற்றவன் வீடு மாதிரி இருந்தது. நேரத்துக்கொரு தரம் ஒன்று மட்டும் கேட்டாள்.

“சாவி எப்ப வரும்?”

“ஞாயிறு.”

“சாவி எப்ப வரும்?”

“சொன்னேன்லா. ஞாயிறு.”

பானையில் வெள்ளம் இல்லை. கிணறு விளையின் மேற்கு ஓரத்தில். இருபது வருடமாக அவள்தான் கோரிக்கொண்டு வருவாள். “நீரு எடும்,” என்றாள். சோர்வு என்று நினைத்து அவனே போனான். அன்றைய அந்தி, இரண்டாவது அந்தி, அப்படியே இருட்டிப் போயிற்று.

சனிக்கிழமை விடியலில் முழித்தபோது பாயில் அவள் இல்லை. வெளியே வந்தான். வண்டியைச் சுற்றி மண்ணில் ஒரு தடம் விழுந்திருந்தது. ஒரே காலடி, போன வழியிலேயே மறுபடி மறுபடி மிதித்து, உழுத சால் மாதிரி குழிந்து கிடந்தது. செக்கு மாட்டுத் தடம் போல வட்டமாக, குடிசையையும் உள்ளே அடக்கிக்கொண்டு, மூன்றாம் வரிசைத் தென்னைகளைத் தொட்டுக்கொண்டு போயிற்று. மேற்குப் பக்கம் அந்தத் தடத்தின் மேல் செல்லக்கனி பானையோடு நின்றாள். கிணறு இருபது எட்டு வைக்கிற தூரம். பார்த்துக்கொண்டு நின்றாள். போகவில்லை.

“ஏன் நிக்க?”

“போகல்ல.”

அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். அவள் வந்தாள். தடத்தைத் தாண்டுகிற இடத்தில் நின்றாள். சேற்றில் இறங்கின வண்டியை இழுக்கிற மாதிரி கனத்தது. பல்லைக் கடித்து ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தான். பின்னால் வண்டிச் சக்கரம் கிறீச்சென்றது. தென்னை மூட்டில் சங்கிலி விறைத்து இறுகும் சத்தம் கேட்டது.

கையை விட்டான். சத்தம் நின்றது.

மறுபடி இழுத்தான். மறுபடி சக்கரம்.

“இழுக்குது,” என்றாள் அவள். “சங்கிலி இழுக்குது. அத அறும்.”

மூணாவது அந்தி என்று வண்டிக்காரன் சொன்னது அப்போதுதான் நெஞ்சில் தைத்தது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் முதலாளி காதுக்குப் போகும். காவல்காரன் புத்தி பேதலித்துவிட்டான் என்று வேறு ஆளை வைப்பார்கள். கூரை இருந்தால் பெண்டாட்டி இல்லை. பெண்டாட்டி வேண்டுமானால் கூரை இல்லை. ராஜையன் தன் ஆயுசில் இவ்வளவு வேகமாக எதையும் முடிவு செய்ததில்லை. கூரை போகட்டும்.

கொல்லன் முத்துநாயகத்தின் பட்டறைக்குப் போனான்.

“ஒரு அரம் தாரும் ஓய்.”

“எதுக்கு?”

“அரிவாள் தீட்ட.”

“அரிவாளுக்கு அரமா?” முத்துநாயகம் துருத்தியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். “முதலாளிக்க சங்கிலியில கை வைக்கப் போறீரு. வச்சுக்கிடும். அதுக்கு முந்தி கூரைய நீரே பிரிச்சு வையும், அவருக்கு ஆள்கூலி மிச்சம்.”

“தாறியா, இல்லியா?”

முகத்தைப் பார்த்துவிட்டு முத்துநாயகம் அரத்தை எடுத்துக் கொடுத்தான். “அந்த இனயத்துக்காரன் போன போக்கப் பாத்தேன். முதலாளி வீட்டுக்குப் போகவே இல்ல. மாடு ரெண்டையும் ஓட்டிக்கிட்டு நேரே மேக்க. ஓட்டம்னா ஓட்டம், மாட்டு வாயில நுரை. கூப்பிட்டேன், திரும்பல்ல. அழுதுக்கிட்டே சிரிக்கான் சவம்.”

ராஜையன் அரத்தை மடியில் செருகிக்கொண்டான். திரும்பி வந்தான்.

மத்தியானம் தொட்டு அராவினான். தடித்த வளையம். அரம் இரும்பில் உரசுகிற சத்தம் பல்லுக்குள் இறங்கியது. வியர்வை கண்ணில் வழிந்து எரிந்தது, இரும்புத் தூள் விரல் இடுக்கில் ஏறி ரத்த வாடை அடித்தது, தலைக்கு மேலே காற்றே இல்லாமல் ஓலைகள் தொங்கின, ஒரு காக்கை கூட அந்தப் பக்கம் வரவில்லை. முதுகுக்கு ஒரு முழம் தள்ளிப் படுதா. அதைப் பார்க்காமல் அராவினான். நுகத்தடி இடுப்பு உயரத்தில் நின்றது. செல்லக்கனி குடிசை வாசலில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி அறுந்தபோது வெயில் மஞ்சளாயிற்று. முக்கால் அறுந்தபோது சிவந்தது. கை கொப்பளித்து உடைந்தது. நிறுத்தவில்லை.

வளையம் விட்டது. சங்கிலி மண்ணில் சரிந்தது.

செல்லக்கனி எழுந்தாள். நடந்தாள். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசைத் தென்னை வந்தது. தாண்டினாள்.

சக்கரம் சத்தம் போடவில்லை.

கிணற்றில் பாளைத் தோண்டியை இறக்கி வெள்ளம் கோரி, மடக் மடக்கென்று அவள் குடிக்கிற சத்தம் அவன் வரைக்கும் கேட்டது. ராஜையன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. போகட்டும். நாளைக்குக் கூரையைப் பிரிக்கட்டும். இவளைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் வேண்டுமானாலும் நிற்கலாம்.

அவள் திரும்பி வந்தாள். குடிசைக்குள் போய்ச் சிம்மினி விளக்கைப் பற்றவைத்து எடுத்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். அந்தி சாய்ந்துவிட்டது.

“இஞ்சேரும்.”

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் வாய் திறக்கவில்லை.

“இஞ்சேரும். நான் இங்க இருக்கேன்.”

படுதாவுக்குள்ளிருந்து. செல்லக்கனியின் குரல். தொண்டை கட்டியிருந்தது. இரண்டு நாள் கத்தின தொண்டை மாதிரி.

ராஜையன் தலையைத் திருப்பினான். விளக்கோடு நிற்கிறவளைப் பார்த்தான். மூக்குத்தி. முன்பல் இடுக்கு. சேலை முந்தியில் வெற்றிலைக் கறை. எல்லாம் இருந்தது.

“வெள்ளியாச்ச வெடியக்காலம் தொட்டுக் கூப்பிடுதேன். ஒமக்குக் கேக்கல்ல. இப்பந்தான் சத்தம் வெளிய போகுது. படுதாவத் தூக்கும்.”

விளக்கோடு நின்றவள் பேசவில்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்று காத்திருந்தாள்.

“நான்தான். நம்ம கல்யாணத்தண்ணைக்கு ஒமக்குச் செருப்பில்லாம எனக்க அண்ணனுக்குள்ளதப் போட்டுட்டு வந்தீரு. ஆருக்குத் தெரியும் இது? தூக்கும்.”

ஆருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்றவளிடம் கேட்டான். “அண்ணைக்குச் செருப்பு ஆருக்குள்ளது?”

“எனக்க அண்ணனுக்குள்ளது,” என்றாள் விளக்கோடு நின்றவள்.

எழுந்தான். படுதாவில் கை வைத்தான். அதே இடத்தில், மறுபக்கத்திலிருந்து, ஒரு உள்ளங்கை வந்து பதிந்தது. சூடாக இருந்தது.

கையை உதறிப் பின்னால் வந்தான்.

உள்ளே ஆளிருக்கு. எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளத்தாச்சி, காய்ச்சக்காரி, செத்த மாமியார். அழுதவன் உண்டு. காலில் விழுந்தவன் உண்டு. மாதா மேல் சத்தியம் செய்தவன் உண்டு. ஒரு தரமாவது நிசமாக இருந்ததா? நம்பினவன் கூரை இல்லாமல் நின்றான். ராஜையன் யாரையும் நம்பாமல்தான் இத்தனை வருடம் தள்ளினான்.

வண்டி ஆடியது. படுதாக் கயிற்றின் முடிச்சு உள்ளேயிருந்து இழுபட்டது.

குடிசைக்கு ஓடினான். மிச்சமிருந்த சங்கிலியில் ஒன்றை எடுத்தான். வாய் திறந்த பூட்டை எடுத்தான். ஆரக்காலுக்குள் கோர்த்தான். தென்னை மூட்டில் சுற்றினான். பக்கத்தில் வெளிச்சம் தேவையான இடத்துக்குச் சரியாக நகர்ந்து வந்து நின்றது.

“என்ன செய்யுதீரு? ஓய், என்ன செய்யுதீரு?”

கேட்காதே. கேட்கக் கூடாது.

“வேண்டாம். ஒம்ம காலப் பிடிக்கேன். வேண்டாம்.”

அமுக்கினான்.

கிளிக்.

கூண்டின் பலகையில் இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம். அலறல். அது வெளியே வரவரத் தேய்ந்தது. துணிக்குள் பொதிந்த மாதிரி. கிணற்றுக்குள் போன மாதிரி. அடி நின்றது. ராஜையன் சக்கரத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கினான்.

கடைசியாக ஒன்று வந்தது. அழுகை இல்லாமல், கோபம் இல்லாமல், நாள் முழுக்க வேலை செய்து களைத்தவளின் சாதாரணக் குரலில், தினமும் படுக்கப் போகுமுன் அவனிடம் சொல்கிற மாதிரி.

“அடுப்புல தீ கெடக்கு. அணைச்சிட்டுப் படும்.”

ராஜையன் திரும்பினான்.

விளக்கை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அவள் படுதாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள், சத்தமில்லாமல், கொஞ்சம் பிந்தி, அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன.